கொக்கிளாய்க் களப்பு: படகில் போய்ப் பறவை பார்க்க டிக்கெட் எங்கே?

டிசம்பர் 26 (வாசகர் கேள்வி)

ஜனவரி முதல் வாரம் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வருகிறோம். நான், அம்மா, இரண்டு பிள்ளைகள். புறாத்தீவு போன தடவை பார்த்தாயிற்று. இந்த முறை கொக்கிளாய் பறவைகள் சரணாலயத்துக்குப் படகில் போக ஆசை. டிக்கெட் எங்கே எடுப்பது? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? படகுக்கு ஆளுக்கு எவ்வளவு? பூநாரை கட்டாயம் தெரியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

டிசம்பர் 26, இரவு (என் பதில்)

வாசலே இல்லாத இடத்தில் எதைத் திறப்பது? டிக்கெட்டும் இல்லை. புறாத்தீவு தேசியப் பூங்கா, கொக்கிளாய் சரணாலயம். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பலர் களப்புக்குப் பக்கத்து ஊரான புல்மோட்டையில் இறங்கிக் கவுண்டரைத் தேடுகிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் காலடி வைக்க முடியாது. சரணாலயத்தில் சட்டம் காவல் காப்பது பறவையையும் விலங்கையும்தான். மனிதர் போய்வரத் தடையில்லை. களப்பில் மீன் பிடிக்கிறார்கள், கரையில் மாடு மேய்கிறது, ஓரத்தில் வயல் செய்கிறார்கள். சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது, கூட்டிலும் முட்டையிலும் கைவைக்கக்கூடாது. 1951இல் இதைச் சரணாலயமாக்கினார்கள். ஏறத்தாழ 2,000 ஹெக்டேர். புறாத்தீவும் 1963 முதல் சரணாலயமாக இருந்து 2003இல்தான் தேசியப் பூங்கா ஆனது.

படகுக்குப் புல்மோட்டைப் பக்கத்து மீனவர்களிடம் கேளுங்கள். மோட்டார் படகாக எடுங்கள். ஒரு மணிநேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பூநாரை நிச்சயம். போன ஆண்டு நானே நானூறுக்குக் குறையாமல் பார்த்தேன்.

டிசம்பர் 27, காலை

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியை இன்று படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

போன ஆண்டு நான் போனது மோட்டார் படகில். அலுவலக நண்பர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு கமரா, ஒரு கூடை நிறையக் கட்லட். படகோட்டி நல்ல மனிதர். கூலி வாங்குகிறோமே, இவர்களுக்கு ஏதாவது காட்டியாக வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. தூரத்தில் வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்ததும் நேரே அதற்குள் விட்டார். திட்டு முழுவதும் எழுந்து பறந்தது. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். பிறகு அடுத்த திட்டு. அதுவும் எழுந்தது. மறுபடியும் கைதட்டல். வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் படங்கள், அத்தனையிலும் வால். கொக்கின் வால், நாரையின் வால், கூழைக்கடாவின் பருத்த பின்புறம். ஒரு பறவையின் கண்கூட இல்லை.

நானூறு என்ற கணக்கும் அந்தப் படகில் வைத்துப் போட்டதுதான். ஓடுகிற படகில் ஓர் ஓரத்தை எண்ணி, மிச்சத்தைக் கண்ணால் அளந்து பெருக்கினேன். எத்தனை வெள்ளைக் கொக்குகள் என் தயவில் பூநாரை ஆயினவோ. ஒரு பூநாரை மட்டும் நாங்கள் போகும்போதும் திரும்பும்போதும் அதே இடத்தில் ஒற்றைக் காலில் நின்றது. என்ன தவம் என்று வியந்து அதை மட்டும் இருபது படம் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். வலைக்கம்பில் கவிழ்த்து மாட்டிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கலன்.

டிசம்பர் 27, மதியம்

மேலே உள்ளதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கட்லட் பொரித்ததும் கூடையைக் கழுவியதும் யார் என்பதையும் எழுதச் சொல்கிறாள். எழுதியாயிற்று.

டிசம்பர் 28

பூநாரை "நிச்சயம்" என்றேன். அதுவும் பிழை.

பூநாரை சாப்பிடுகிற விதத்தை ஒருமுறை பார்த்தால் போதும், எப்போது வரும், எப்போது வராது என்பது விளங்கிவிடும். கழுத்தைத் தொங்கவிட்டு, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைக்கும். நாக்கு நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற வரிகள் இருக்கின்றன. நீர் வெளியேறிவிட, கூனியும் பாசியும் உள்ளே தங்கும். களப்பில் இறால் பிடிக்கிறவர் வலையால் செய்கிற வேலையை இது வாயால் செய்கிறது. இந்த உணவிலுள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. இதற்கெல்லாம் கால் ஊன்றி நிற்கிற ஆழம் வேண்டும்.

இப்போதோ வாடைமழை. ஆறுகள் எல்லாம் களப்பில் வந்து விழுகின்றன. நீர் உயரும், உப்பு குறையும். ஆழம் குறைந்த இடத்தைத் தேடிப் பூநாரை போய்விடும். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே காலையில் நீர் வற்றி மாலையில் ஏறும் என்று காத்திருந்து பயனில்லை. மழையும் முகத்துவாரமும் தீர்மானிக்கிற சங்கதி அது. மழை விட்டுப் பெப்ரவரி, மார்ச்சில் நீர் வடிந்து சேறு தலைகாட்டும்போதுதான் கூட்டம் சேரும். ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடுகிற பறவைகள் அதற்குமுன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்கிற காலமும் அதுதான்.

ஜனவரி முதல் வாரத்துக்கு லீவு எடுத்தவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? வாருங்கள். கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் இருக்கும். பூநாரைக்கு மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். அங்கே வந்து அழுதால் பழி என் தலையில் விழும்.

டிசம்பர் 30

வழி கேட்டிருக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி, புல்மோட்டை. திருகோணமலை நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ் உண்டு, ஆனால் விடியும்போது களப்பில் நிற்க வேண்டுமென்றால் வேன்தான் சரி. எட்டு மணிக்குப் பிறகு போகிறவர்கள் பேசாமல் நிலாவெளிக் கடலில் குளிக்கலாம். வெயில் ஏறினால் நீரின் மினுமினுப்பில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

களப்பின் வாய்க்குத் தெற்கே புல்மோட்டை, திருகோணமலை மாவட்டம். வடக்கே கொக்கிளாய், முல்லைத்தீவு மாவட்டம். அக்கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் தரைவழியே போவதென்றால் களப்பையே சுற்ற வேண்டும். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்கள் கொக்கோடுதான் தொடங்குகின்றன. அந்த ஊர்க்காரர் 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். கொக்குகள் மட்டும் யாரிடமும் பாஸ் கேட்காமல் போய்வந்தன. பகிடியாகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதிய பிறகு பகிடியாகத் தெரியவில்லை.

புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைக்கவேண்டாம், இல்மனைட் என்ற கனிமம்.

ஜனவரி 2

கொக்கிளாய் அவ்வளவு தூரம் என்றால் வேறெங்கே என்று இன்னொருவர் கேட்கிறார். நகரத்துக்குள்ளேயே, துறைமுகத்தின் நடுவில், பெரிய சோபர் தீவு, சின்ன சோபர் தீவு என்று இரண்டு சரணாலயங்கள் 1963 முதல் இருக்கின்றன. அவை கடற்படை வளாகத்தின் நடுவில் இருப்பவை. "சரணாலயத்துக்குள் மனிதர் போய்வரத் தடையில்லை" என்று முதல்நாள் நான் எழுதிய சட்டத்தை அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கவேண்டாம்.

சுண்டிக்குளத்தையும் சிலர் இன்னும் சரணாலயம் என்கிறார்கள். 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. மன்னார்ப் பக்கம் வங்காலை. அது ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் உள்ளது. இலங்கையில் அப்படி ஆறுதான் இருக்கின்றன, கொக்கிளாய் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததால் வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டமும் இல்லை. இது நல்லதா கெட்டதா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்தது. மகள் கெட்டது என்கிறாள், நான் நல்லது என்கிறேன்.

படகும் பறவையும் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில்தான் கடந்தோம். (பாதை என்றால் வாகனம் ஏற்றுகிற மிதவை. கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் எப்படிப் பாதை என்று கேட்பார்கள்.) பத்து வயதில் அப்பாவோடு பாதையில் நின்றபோது, பக்கத்தில் ஒருவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, செங்கல் நிற முதுகு, ஒரு செம்பருந்து. அவர் எறிந்த குடலை நீரில் விழுமுன் காலால் பற்றிக்கொண்டு போனது. பறக்கும்போதே குனிந்து காலிலிருந்து தின்றது. அப்பா அன்று கிண்ணியாவுக்கு ஏன் போனார் என்பது மறந்துவிட்டது. அந்தக் குனிவு மறக்கவில்லை.

ஜனவரி 3

மறந்துவிட்டேன். முதலை உண்டா என்று கேள்விகேட்டவரின் மகன் கேட்கிறானாம். கையைத் தண்ணீரில் விடாதே என்று சொல்லுங்கள். பதில் அவ்வளவுதான்.

ஜனவரி 7, இரவு

நேற்று நானே போய்வந்தேன். இங்கே உட்கார்ந்து போன ஆண்டுக் கதையை அளந்துகொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது. மகளும் வந்தாள், திருவெம்பாவைக்கு நான்கு மணிக்கு எழுந்து பழகியவள், சிரமமில்லை. குச்சவெளியில் பிளேன்ரீ. இருட்டு விலகும்போது களப்புக் கரை.

மோட்டார் படகு வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வலை பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவ நானாவிடம் (முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்), உங்களோடு தோணியில் வரலாமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "பறவை பார்க்கவா, மீன் பார்க்கவா?" பறவை என்றேன். "அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும்." மகளைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

தோணி சின்னது. அவர் பின்னால் நின்று கம்பு ஊன்றினார், நாங்கள் இருவரும் நடுவில். உயிர்காப்பு அங்கி இரண்டை நண்பரிடம் இரவல் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். இடுப்பளவு நீர்தானே என்று சிரிக்கிறவர்கள் அந்தக் கம்பைப் பார்க்கவேண்டும். நீரில் ஒரு முழம், சேற்றில் இரண்டு முழம் இறங்குகிறது. விழுந்தால் நீந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது.

கண்டல் ஓரமாகவே போனோம். சத்தம் என்றால் கம்பிலிருந்து சொட்டுகிற நீர் மட்டும்தான். மகள் ஒரு கொப்பைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நானா கம்பாலேயே அவள் கையைத் தட்டிவிட்டார். "அது தில்லை, மகள். பால் கண்ணில் பட்டால் உலகம் இருட்டுத்தான்." இலை பளபளவென்று, சாமிப்படத்துக்கு வைக்கலாம் போல அழகாக இருந்தது.

வளைவு திரும்பியதும் மஞ்சள்மூக்கு நாரை, மூன்று. நானா கம்பைச் சேற்றில் குத்தி, தோணியை அதில் சாய்த்து நிறுத்தினார். அவை எங்களைப் பார்த்தன. ஒன்று இரண்டு அடி விலகியது. நாங்கள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் இடது கால் மரத்துப்போகும் அளவு நேரம். பிறகு அது திரும்பவும் தன் வேலையைத் தொடங்கியது. அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறியது. இடம், வலம், இடம் என்று தலையை ஆட்டிக்கொண்டே நடந்தது. கண்ணால் மீனைத் தேடவே இல்லை; தேடினாலும் அந்தக் கலங்கலில் என்ன தெரியும்? அலகில் ஏதோ பட்டதும் படக்கென்று மூடியது. மூடிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. மரச்சட்டத்தில் அளவுகோலால் ஒரு தட்டு, அப்படி. தலையை அண்ணாந்து விழுங்கியது. கழுத்தில் ஒரு புடைப்பு இறங்கிப்போனது.

நான் படம் எடுக்கவில்லை. கமரா பைக்குள் இருந்தது. பையின் சிப்பைத் திறந்தால் சத்தம் வரும் என்று பயம்.

பூநாரை இல்லை. ஒன்றுகூட இல்லை.

திரும்பும் வழியில் ஒரு மோட்டார் படகு எங்களைக் கடந்தது, நிறைய ஆட்கள். முன்னால் இருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழும்பின. கைதட்டல் கேட்டது. நானா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஓடிப்போய்ப் பார்த்தது வலையைத்தான். அந்த மோட்டாரின் விசிறியில் மாட்டியிருக்கிறதா என்று. மாட்டவில்லை. அதற்குப் பிறகுதான் பேசினார்: "அவர்கள் காசைத் திட்டவில்லை, எனக்கும் சில நாள் அதுதான் சோறு. ஆனால் மோட்டார் ஓடினால் சாதாளை கிழிகிறது, சாதாளை போனால் இறால் போகிறது. பிறகு பறவை எதற்கு இங்கே வரும்?"

சாதாளை என்றால் நீருக்கடியில் வளர்கிற கடற்புல். என் போன ஆண்டு கட்லட் பயணத்தை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரி 8

திருத்தம். நேற்று "ஓடிப்போய்" என்று எழுதியிருக்கிறேன். தோணியில் யாரும் ஓட முடியாது. வேகமாகக் கம்பு ஊன்றினார் என்று படிக்கவும். மகள் கண்டுபிடித்தாள்.

அவளுடைய கொப்பியில் நான் பார்க்காத பதினொரு இனங்கள் இருக்கின்றன. நான் மூன்று நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பின்பக்கம் திரும்பி மீசை ஆலா, பவளக்காலி, ஒரு கடற்கழுகு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பா, நீங்கள் மீன் விழுங்கியதைப் பார்த்தீர்கள், நான் மிச்சத்தைப் பார்த்தேன்" என்கிறாள்.

ஜனவரி 8, இரவு

கூலி எவ்வளவு என்று நான்கு பேர் கேட்டாயிற்று. சொல்லமாட்டேன். நான் ஒரு தொகை எழுதினால் நாளைக்கு அதுவே விலையாகிவிடும். அதற்குமேல் கேட்கிற மீனவரைக் கொள்ளைக்காரர் என்பீர்கள், குறைத்துக் கேட்கிறவரை இன்னும் குறைப்பீர்கள். அன்றைக்கு அவர் இறாலுக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

ஜனவரி 10

கேள்விகேட்டவர் குடும்பத்தோடு போய்வந்துவிட்டார். நேற்று மழை, காற்று ஏறியதால் ஒருவரும் படகு எடுக்கவில்லை. என் அறிவுரை எல்லாம் வீண். கரையில் ஒரு மீன்வாடியின் ஓலைக் கூரைக்குக் கீழே, யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, இவரும் பிள்ளைகளும் வேனுக்குள் இருந்து வடை சாப்பிட்டார்களாம். மழை விட்டு வந்து பார்த்தால், அம்மாவுக்கு இருபது அடி தள்ளி உள்ளான் கூட்டம். சேற்றைத் தையல் இயந்திரம் மாதிரிக் குத்திக்கொண்டு அவர் காலடி வரைக்கும் வந்திருக்கின்றன. பிள்ளைகள் ஓடிவர, எல்லாம் பறந்துவிட்டன. அம்மா பேரப்பிள்ளைகளை ஏசினாராம்.

படங்களைப் பார்த்தால் அதில் பாதி கொசு உள்ளான். ஒன்றின் எடை 25 கிராம் அளவுதான். முட்டையிடுவது ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் கரையில். அங்கிருந்து புல்மோட்டைக்கு வந்து, ஒரு முழங்கால் வலிக்காரருக்கு முன்னால் நின்றிருக்கிறது. அதை ஒருமுறை எழுப்பிவிட்டால் அது தின்றதில் கொஞ்சம் பறப்பிலேயே எரிந்துவிடும்; ஒரு நாளில் பத்துப் படகு வந்தால் பத்துமுறை எரியும். அப்படிக் கணக்குப் பார்த்தால் அந்த ஆறு பேரும் கட்லட்டும் எவ்வளவு செலவு வைத்திருப்போம்?

எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் மரத்துப்போகத் தோணியில் இருந்தவன் நான். கதிரையில் இருந்தவருக்கு இருபது அடி.

பெப்ரவரி 22

மறுபடியும் போனேன். நீர் வடிந்துவிட்டது. ஜனவரியில் தோணி போன இடத்தில் இப்போது சேறு, சேற்றில் கொக்கின் கால்தடம், அதன்மேல் நண்டின் கீறல். அதே நானா. இந்தமுறை வாயை மூடச் சொல்லவில்லை, பழகிவிட்டேன் போலிருக்கிறது.

பூநாரை இருந்தன. தூரத்தில், வெயில் பட்ட உப்புப் படிவு மாதிரி. போகலாமா என்று நானா கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கே ஆச்சரியம். இங்கிருந்து பார்த்தால் கால் மட்டும் தெரியவில்லை. உடம்புகள் காற்றில் மிதப்பதுபோல இருந்தன. இரண்டுமுறை நின்று நிதானமாக எண்ணினேன். முதல்முறை 61, இரண்டாவது 63. நாயன்மார் கணக்குக்கு வரவேண்டும் என்று கூட்டவில்லை, உண்மையாகவே 63. இரண்டு, மற்றவற்றின் பின்னால் குனிந்திருந்தன. போன ஆண்டின் நானூறு இனிச் செல்லாது.

ஒன்பதரைக்குக் காற்று மாறியது. அலை நெளியத் தொடங்கியதும் நானா திருப்பிவிட்டார். கரைக்கு வரும் வழியில் என் ரோஸ் நிறக் கலன் அதே கம்பில் அப்படியே இருந்தது. இது யாருடையது என்று கேட்டேன். தன்னுடையதுதான் என்றார். இரவில் தோணி வலைமேல் ஏறாமல் இருக்க அடையாளம். அதை நான் இருபது படம் எடுத்த கதையை அப்போதுதான் சொன்னேன். கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோணி ஆடியது.

பெப்ரவரி 23

ட்ரோன் கொண்டுபோகலாமா என்று ஒருவர். வேண்டாம். மேலே சுற்றுகிற எதுவும் அவற்றுக்குப் பருந்துதான்.

நிறம் பற்றி இன்னொருவர். கடும் சிவப்பும் மஞ்சளும் உடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெள்ளைச் சேர்ட்டும் நல்லதில்லை. கோயிலுக்குப் போகிற மாதிரி அல்ல, வயலுக்குப் போகிற மாதிரிப் போங்கள்.

மார்ச் 15

கேள்விகேட்டவர் நேற்று ஒரு படம் அனுப்பி, "ஜனவரியில் அம்மா என் கமராவில் எடுத்தது. பின்னால் ரோஸ் நிறத்தில் தெரிவது பூநாரைதானே?" என்று கேட்டிருக்கிறார்.

அதே கலன். அது கரையிலிருந்து அவ்வளவு தூரமில்லை. கலனின் மேல் ஒரு கொண்டை நீர்க்காகம், நனைந்த சிறகுகளை இரண்டு பக்கமும் விரித்துக் காயப் போட்டிருக்கிறது. மழைத்துளி அலகின் நுனியில் தொங்குகிறது. கழுத்தைத் திருப்பி நேரே அம்மாவைப் பார்க்கிறது. படத்தைப் பெரிதாக்கினேன். கண் நீலம் கலந்த பச்சை.